ராபன் தீவுச் சிறை: ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது, நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவுக்குப் போய்வந்தேன். 34 ஆண்டுகள் மதுரையில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சிறையைப் பார்க்கப் போனவனுக்குத் தபால்தான் மனதில் நின்றது. அதனால் இந்த மதிப்புரையும் அந்தப் பக்கமே சாயும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேப்டவுனுக்குப் போகிறவர்கள் மேசை மலையைக்கூட விட்டுவிடலாம், இதை விடக்கூடாது.

துறைமுகத்தில் நெல்சன் மண்டேலா பெயரில் உள்ள முனையத்திலிருந்து படகு கிளம்புகிறது. நான் போனபோது வெளிநாட்டவருக்கு 600 ராண்ட். படகு, தீவில் பஸ், சிறைக்குள் வழிகாட்டி எல்லாம் அதில் அடங்கும். எங்களுடைய முதல் தவறு, ஊருக்குள் ஒரு தரகரிடம் டிக்கெட் வாங்கியது. வரிசையில் நிற்க வேண்டாம் என்று சொல்லி மேலே பணம் வாங்கிக்கொண்டார். எல்லாரோடும் சேர்ந்து அதே வரிசையில்தான் நின்றோம். அருங்காட்சியகத்திலேயே நேரடியாக முன்பதிவு செய்துகொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு ஓடாது, ஆகையால் ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அலையில் வயிறு புரளும் என்பதால் காலை உணவைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

தீவில் முதலில் பஸ் பயணம். தொழுநோயாளிகளின் கல்லறைகளைத் தாண்டி, தனியாக நிற்கும் ஒரு சிறிய வீட்டருகே பஸ் நின்றது. ராபர்ட் சொபுக்வேயை அடைத்துவைத்த வீடு. மண்டேலாவைத் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

வெள்ளையரின் நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் 16 வயதைத் தாண்டிய கறுப்பினத்தவர் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். எங்கே வேலை, எந்த ஊரில் தங்க அனுமதி என்று எல்லாம் அதில் இருக்கும். கேட்டபோது காட்டாவிட்டால் கைது. பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த சொபுக்வே வேலையை விட்டுவிட்டு, 1960 மார்ச் 21 அன்று பாஸை வீட்டில் வைத்துவிட்டு, சொவெட்டோவின் ஆர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்து போய், கைதுசெய்துகொள்ளுங்கள் என்று நின்றார். அதே நாளில் ஷார்ப்வில் காவல் நிலையத்தின் முன்னால் கூடியவர்களும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். போலீஸ் சுட்டது. 69 பேர் செத்தார்கள். பலருக்கு முதுகில் குண்டு. அதன்பிறகு அவசரநிலை, ஏறத்தாழ 18,000 பேர் கைது, எதிர்க்கட்சிகளான மண்டேலாவின் ஏ.என்.சி.க்கும் (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) சொபுக்வேயின் பி.ஏ.சி.க்கும் (பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ்) தடை.

சொபுக்வேக்கு மூன்றாண்டுச் சிறை. அது முடியும் நேரத்தில், 1963இல், தண்டனை முடிந்தவரையும் அமைச்சர் நினைத்தால் தொடர்ந்து அடைத்துவைக்கலாம், ஆண்டுக்காண்டு நீட்டிக்கலாம் என்று பாராளுமன்றத்தில் ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவை வேறு யார் மீதும் பயன்படுத்தவே இல்லை. 'சொபுக்வே பிரிவு' என்றே அதற்குப் பெயர். ஆறு ஆண்டுகள் அவரை இந்த வீட்டில் தனியாக வைத்திருந்தார்கள். மற்ற கைதிகளோடு ஒரு சொல் பேசக்கூடாது. வேலைக்குப் போகும் கைதிகள் வரிசையாக அந்தப் பக்கம் போகும்போது, அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கு வழியாக வழியவிடுவாராம். நாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அதற்குப் பொருள். பஸ் நின்ற அந்தச் சில நிமிடங்களில் நான் வீட்டைப் பார்க்கவில்லை, வீட்டு வாசலில் இருந்த மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைதிகள் கல்லுடைத்த சுண்ணாம்புக்கல் குவாரியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். வெள்ளைப் பாறையில் பட்டுத் தெறிக்கும் வெயில் உண்மையிலேயே கண்ணைக் குத்துகிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்காதீர்கள். கைதிகளுக்கு முதல் சில ஆண்டுகள் அது கொடுக்கப்படவில்லை.

சிறை வாசலருகே பச்சைக் குவிமாடத்துடன் ஒரு தர்கா இருக்கிறது. 'மதுரா இளவரசர்' அடக்கமான இடம் என்றதும் சட்டென்று திரும்பினேன். நம் மதுரை இல்லை, இந்தோனேசியாவின் மதுரா தீவு. டச்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தங்களை எதிர்த்தவர்களைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள். ஆட்சிகள் மாறியும் இந்தத் தீவின் வேலை மாறவில்லை.

சிறைக்குள் வழிகாட்டி மாறுகிறார். இங்கே அழைத்துப் போகிறவர் இதே சிறையில் அரசியல் கைதியாக இருந்தவர். எங்களுக்கு வந்தவர் 1976 மாணவர் எழுச்சிக்குப் பிறகு பிடிபட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். மெல்லிய குரல். பொது அறையில் பெஞ்சுகளில் உட்காரவைத்து நின்றுகொண்டே பேசினார். சுவரில் இருந்த உணவுப் பட்டியலைக் காட்டினார். இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ரொட்டி நாலு அவுன்ஸ், ஜாம் ஒரு அவுன்ஸ். கறுப்பினத்தவருக்கு அந்த இரண்டும் கிடையாது. இறைச்சியில்கூட ஒரு அவுன்ஸ் குறைவு. உடையும் அப்படித்தான். மண்டேலாவோடு 1964இல் வந்து இறங்கிய இந்திய வம்சாவளியினரான அகமது கத்ராடாவுக்கு முழுக்கால்சட்டை, மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை. கறுப்பினத்தவர் எத்தனை வயதானாலும் 'பையன்'தான் என்பது சிறையின் கணக்கு. ஒரே வழக்கில் ஒரே தண்டனை பெற்றவர்களை ஒரு துண்டு ரொட்டியால் பிரித்துவைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு கடிதங்களுக்கு வந்தார். அறுபதுகளில், கடைசி வகுப்பில் வைக்கப்பட்ட அரசியல் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஒன்று பெறலாம். 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும். நெருங்கிய உறவினருக்கு மட்டும், குடும்பச் செய்தி மட்டும். தணிக்கை அலுவலகத்தில் முதலில் மை பூசி மறைத்திருக்கிறார்கள். கைதிகள் அந்த மையைக் கழுவி எடுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டதும், பிளேடால் வெட்ட ஆரம்பித்தார்கள். தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருப்பார்கள் அல்லவா? இந்தப் பக்கத்தில் ஒரு வரியை வெட்டினால் அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குப் பல் முளைத்த செய்தியும் போய்விடும்.

எங்கள் வேலையில் 'கடிதம் பிரிப்பது' என்றால் ஊர்வாரியாகப் பிரிப்பது. உறையைப் பிரிப்பது அல்ல. ஒட்டு விட்டுப்போன உறை வந்தால்கூட உள்ளே இருப்பதைப் பார்க்காமல் ஒட்டி அனுப்புவோம். முகவரி மழையில் கரைந்துபோன இன்லண்ட் லெட்டரை மூன்று பேர் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்து உரியவரிடம் சேர்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, கடிதத்தைக் கத்தரிப்பதற்கென்றே ஓர் அலுவலகம், அதில் சம்பளம் வாங்கிக்கொண்டு பிளேடோடு உட்கார்ந்திருந்த ஆட்கள் என்று கேட்டபோது உடம்பு நடுங்கியது. சட்டம்போட்டு நடந்த வேலை அது. அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

மண்டேலாவின் அறையைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கலாம். பாய், போர்வை, ஒரு வாளி. மூன்று எட்டில் சுவர் வந்துவிடும். கூட்டம் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. எனக்கு நினைவெல்லாம் 1969இல் சிறை அலுவலகத்தில் அவர் கையில் கொடுக்கப்பட்ட தந்தியின் மேலிருந்தது. மூத்த மகன் தெம்பி கார் விபத்தில் இறந்த செய்தி. அதற்கு முந்தைய ஆண்டுதான் தாயார் போயிருந்தார். இரண்டு சாவுக்கும் அனுப்பவில்லை. நான் சாவுத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து வாங்கும்முன் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்போம், தண்ணீர் கொண்டுவரச் சொல்வோம். இந்த அறையில் தண்ணீர் கொடுக்க யார் இருந்தார்கள்?

முற்றத்தில் அவர்கள் வளர்த்த தோட்டம் இருந்த இடத்தில்தான் மண்டேலாவின் தன்வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியைப் புதைத்துவைத்திருந்தார்கள். சக கைதியான மக் மகாராஜ் அதைப் பொடி எழுத்தில் படியெடுத்து, 1976இல் விடுதலையானபோது மறைத்து வெளியே கொண்டுபோய்விட்டார். புதைத்ததில் ஒரு பகுதி பிடிபட்டதற்குத் தண்டனையாகப் படிப்புச் சலுகையைப் பறித்தார்கள். அத்தனை பிளேடுகளையும் தாண்டி ஒரு தபால் போய்ச்சேர்ந்திருக்கிறது!

தமிழர்கள் இங்கே தேட வேண்டிய பெயர் இந்திரெஸ் நாயுடு. கைதி எண் 885/63, அதாவது 1963இல் வந்த 885ஆவது கைதி. நாசவேலை வழக்கில் பத்தாண்டு இங்கே கிடந்தார். அவருடைய தாத்தா, காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடு. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்னால் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் பாஸைப் போன்ற 2000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களை இந்தியர்கள் எரித்தார்களே, அந்தப் போராட்டத்தின் முன்வரிசைக்காரர். இந்திரெஸின் சகோதரி சாந்தியை 1969இல் தனிமைச் சிறையில் வைத்து, மண்டேலாவின் மனைவி வின்னிக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் நின்று மறுத்துவிட்டார். அதற்கும் சிறை. தாத்தா காலத்தில் கொளுத்திய தாளுக்கும் ஷார்ப்வில்லில் வீட்டில் வைத்துவிட்டு வந்த தாளுக்கும் அரை நூற்றாண்டு இடைவெளி. கைகளில் ஆயுதம் இல்லாமல் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் ஏன் வேறு வழிக்குப் போனார்கள் என்பதற்கு இந்தத் தீவு முழுவதும் விடை இருக்கிறது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டால், பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. என் பேத்திக்குப் பன்னிரண்டு. உணவுப் பட்டியலின் முன் அவள் நின்ற நேரம் வேறெங்கும் நிற்கவில்லை. முழுப் பயணமும் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். போவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். கடைசி அரசியல் கைதிகள் 1991இல் வெளியேறினார்கள். அப்போது இளைஞராக இருந்தவருக்கே இன்று தலை நரைத்துவிட்டது. அந்த அறைகளை ஒலிப்பதிவு விளக்கத்தோடும் காட்டலாம். ஆனால் கதவைத் திறப்பவரே முன்பு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் என்பது அதில் வராது.

பொது அறையில் முன் பெஞ்சில் உட்காருங்கள், பின்னால் குரல் எட்டாது. கடைசியில் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டேன், மகன் மொழிபெயர்த்தான்: "உங்களுக்கு வந்த கடிதங்கள் இப்போது இருக்கின்றனவா, ஐயா?" இருக்கின்றன என்றார். அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியவையாம். வெட்டிய இடங்களில் என்ன இருந்தது என்று விடுதலையான பிறகு அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு நினைவில்லை.