தமிழ் எழுத்து விளையாட்டுக்கு எது தோது: யூனிட்டியா, கோடோவா?

புதுச்சேரியில் நாலு பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கான கல்வி கேம் ஸ்டுடியோ ஆரம்பித்தால், எந்த எஞ்சின் (கேம் கட்டும் மென்பொருள்) என்பதில்தான் முதல் சண்டை வரும். ஆளுக்கொரு பக்கம் 3டி, பிசிக்ஸ் என்று பேசுவார்கள். என்னைக் கேட்டால், இரண்டிலும் புது ப்ராஜெக்ட் திறந்து, திரையில் எழுத்தைக் காட்டும் ஒரு லேபிளில் 'தென்பெண்ணை' என்று போட்டுப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

யூனிட்டியில் எழுத்து என்றால் பெரும்பாலும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற கருவிதான். நல்ல தமிழ் ஃபான்ட் கொடுத்தாலும் 'தெ'யின் ஒற்றைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். கணினி எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் கொம்பு தகரத்துக்கு அடுத்ததாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னுக்கு இழுத்து வரைய ஹார்ஃப்பஸ் போன்ற ஷேப்பிங் நூலகம் (எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கும் நிரல்) வேண்டும். டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் அது கிடையாது. 'முந்திரி' என்று போட்டால் இன்னும் மோசம்: மு என்ற வடிவமே வராது, மகரத்துக்குப் பக்கத்தில் உகரக் குறி தனியாக நிற்கும். துப்பாக்கி சுடும் விளையாட்டில் இது வெறும் அசிங்கம். பண்ணுருட்டிப் பக்கத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து சொல்லித்தரும் விளையாட்டில் இதுவே தப்புப் பாடம்.

சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. யூனிகோடைப் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் காட்டலாம். இல்லையென்றால் 247 எழுத்தையும் படமாகவே வைக்கலாம். பிள்ளை தன் பெயரைத் தட்டச்சு செய்யும் இடம் வந்ததும் இரண்டும் தலைவலி. யூனிட்டி 6-இல், திரையமைப்பு கட்டும் புது வழியான யுஐ டூல்கிட்டுக்கு ஹார்ஃப்பஸ் வைத்த புது எழுத்து முறை வந்திருக்கிறது. ஆனால் பழைய வழியான கேன்வாஸில் கட்டிய கேமுக்கு அது தானாக வந்து ஒட்டாது.

கோடோவில் 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. லேபிளில் போட்டால் தென்பெண்ணை தென்பெண்ணையாகவே வரும். பழைய கோடோ 3-ஐ வைத்து எடுத்த வீடியோ பாடங்களைப் பார்த்து 'கோடோவிலும் தமிழ் வராது' என்பவர்கள் இன்னும் உண்டு, விடுங்கள்.

எழுத்து சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது, எண்ணவும் தெரிய வேண்டும். எழுத்துக்கு ஒரு பலூன் என்று வையுங்கள். பிள்ளைக்குத் தென்பெண்ணையில் ஐந்து எழுத்து. நிரலுக்குப் பத்து யூனிகோட் குறி. கவனிக்காமல் எழுதினால் புள்ளி மட்டும் வைத்த பலூன் ஒன்று மேலே பறக்கும். கோடோவில் எழுத்தைக் கையாளும் பகுதியான டெக்ஸ்ட் சர்வரிலேயே எழுத்து எல்லை பிரித்துத் தரும் வசதி இருக்கிறது, ஆனால் க்ஷ-வை இரண்டாக வெட்டும். அதற்கு நாமே ஒரு விதி எழுத வேண்டியதுதான். யூனிட்டியிலும் அதன் நிரல்மொழியான சி ஷார்ப்பில் இந்த வேலையைச் செய்யலாம், இதில் பெரிய வித்தியாசமில்லை.

காசு விஷயம். கோடோ எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் வருவதால் எப்போதும் இலவசம். யூனிட்டியின் பர்சனல் திட்டமும் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டும் வரை இலவசம். நம் ஊர் ஸ்டுடியோவுக்கு அந்தக் கவலை வந்தால் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடலாம். யூனிட்டிக்காரர்கள் 2023 செப்டம்பரில் ஒரு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, அடுத்த செப்டம்பரில் கைவிட்டார்கள். வரம்புகள் இருந்ததால் அது நம் மேல் விழுந்திருக்காது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கும் கேமுக்கு, நடுவில் விதியை மாற்றுகிறவர்களை நம்புவது எனக்கு உறுத்தல்தான்.

ஆள் கிடைப்பதில் யூனிட்டிதான் மேல். கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் யூனிட்டி பழகியிருப்பார்கள். கோடோவுக்கு நாம் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். விஆர் வேலையோ கனமான 3டியோ ஆர்டராக வந்தால் நானும் யூனிட்டியைத்தான் எடுப்பேன். மற்றபடி கோடோ எடிட்டர் நூறு எம்பிக்குள் இறங்கிவிடும், இன்ஸ்டால்கூட வேண்டாம். பழைய லேப்டாப்பிலும் 2டி வேலை ஓடும். யூனிட்டிக்குப் பல ஜிபி இடம் ஒதுக்க வேண்டும்.

பிள்ளைகள் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. ஆசிரியரோடு உட்கார்ந்து யோசனையைச் சோதித்துப் பார்க்க அருமையானது, விற்கும் பொருளுக்கு ஆகாது.

ஆக, தமிழ் எழுத்தும் சொல்லும்தான் கேம் என்றால் கோடோ 4. ஒன்று மட்டும்: அதன் இயல்பு ஃபான்ட்டில் தமிழ் கிடையாது. கணினியில் சிஸ்டம் ஃபான்ட்டை எடுத்துச் சமாளித்துவிடும். பிரவுசருக்கு ஏற்றுமதி செய்தால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபான்ட் இலவசம், அதை முதல் நாளே ப்ராஜெக்டுக்குள் போட்டுவிடுங்கள்.