ஷொர்ணூர்ப் பக்கம் தோல்பாவைக்கூத்து: ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் இருக்கிற நம் தமிழ் ஆட்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். ஷொர்ணூரைச் சுற்றியுள்ள பகவதி கோயில்களில் தை பிறந்ததும், தோல் பாவைகளின் நிழலைத் திரையில் விழவைத்துக் கதை சொல்லும் தோல்பாவைக்கூத்து தொடங்கிவிடும், மே மாதம் வரை ஏதாவது ஒரு கோயிலில் நடந்துகொண்டிருக்கும். பாடுவது கம்பராமாயணம். மலையாள நாட்டுக் கோயிலில் விடிய விடியக் கம்பன் பாட்டு, டிக்கெட் கிடையாது, ஆனால் நாங்கள் போன அன்று நடுராத்திரிக்கு மேல் மைதானத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் இருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

கூத்துக்கென்றே நிரந்தரமாகக் கட்டிய கூத்துமாடம், அம்மன் சந்நிதியைப் பார்த்தபடி இருக்கிறது. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளிக்கு ராம ராவண யுத்தத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையாம், அவளுக்காகத்தான் கூத்து. அதனால் நாம் வந்தாலும் வராவிட்டாலும் புலவர்கள் (கூத்து நடத்துபவர்களை அப்படித்தான் சொல்வார்கள்) பாடுவார்கள்.

கோயிலிலிருந்து விளக்கைக் கொண்டுவந்து, திரைக்குப் பின்னால் வரிசையாக வைத்த 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்துகிறார்கள். கேட்டால் உள்ளே எட்டிப்பார்க்க விடுகிறார்கள், கட்டாயம் கேளுங்கள். மான் தோலில் பொடிப்பொடியாகத் துளையிட்ட பாவைகள், அந்தத் துளை வழியே வரும் வெளிச்சம்தான் வெளியே கிரீடமாகவும் மாலையாகவும் தெரிகிறது. பல பாவைகளை முள்ளால் திரையில் குத்தி நிறுத்திவிடுகிறார்கள், ஆனாலும் திரி ஆடும்போது ராவணன் மூச்சு விடுவதைப் போலவே இருக்கிறது. சண்டை வந்ததும் குங்கிலியப் பொடியை எடுத்துத் தீயில் வீசுகிறார்கள் பாருங்கள், திரை முழுக்கக் குப்பென்று வெளிச்சம், மறுநொடி பழைய மங்கல்.

ஜப்பானில் நாரா ஊரில் கோஃபுகுஜி கோயிலில் மே மாதம் விறகுத்தீ மூட்டி, முகமூடி போட்டு ஆடும் 'நோ' என்ற பழைய நாடகத்தை நடத்துவார்கள், தகிகி நோ என்று பெயர், எங்கிருந்தெல்லாமோ போய்ப் பார்க்கிறார்கள். அங்கே தீ மேடைக்கு வெளியே எரிந்து முகமூடி மேல் வெளிச்சம் விழும், இங்கே தீ பின்னால் நின்று நிழலை நம்மிடம் அனுப்புகிறது. இரண்டுமே நிதானமான கலை, அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது.

சரி, பாவை சர்க்கஸ் மாதிரி ஆடும் என்று நினைத்துப் போகாதீர்கள், ஒரு கை அசைந்தாலே பெரிது. விஷயம் பாட்டிலும் அதற்குப் புலவர்கள் சொல்லும் விளக்கத்திலும்தான் இருக்கிறது, ஒருவர் கேள்வி போட இன்னொருவர் பதில் சொல்லி எங்கெங்கோ போய்விட்டுக் கதைக்குத் திரும்புவார்கள். உச்சரிப்பில் மலையாள வாடை உண்டு, கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். தம்பி வந்து கூப்பிட்டும் அண்ணனை விட்டுவிட்டு வர மறுத்து, "நீர்க்கோல வாழ்வை நச்சி" (நீரில் போட்ட கோலம் போன்ற வாழ்வை விரும்பி) என்று கும்பகர்ணன் தொடங்கும் இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

குறை என்றால் ஒலிபெருக்கி. நாங்கள் போன கோயிலில் அது இரைந்த இரைச்சலில் பாதிச் சொற்கள் அமுங்கிப்போயின, எழுபறை என்ற மேளத்தின் சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. கூத்துமாடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நேரடிக் குரலே வரும்.

சில கோயில்களில் 7 நாள், சிலவற்றில் 14, 21, இன்னும் கூடுதலாகவும் நடக்கும், என்றைக்கு என்ன கதை என்று முன்னாலேயே விசாரித்துவிட்டுப் போங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூனத்தறையில் ராமச்சந்திர புலவர் குடும்பத்தார் நடத்தும் சுருக்கமான காட்சி போதும், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர் அவர். பெரியவர்கள் கோயிலுக்கே போங்கள். பாய், கொசுவர்த்தி, ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், செல்போன் ஃபிளாஷ் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.