பெட்டியில் ஹெச்பி5, உள்ளே எக்ஸ்ரே: பழைய ஷீட் ஃபிலிம் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

4×5 அங்குலத் தாள் ஃபிலிம் (ஷீட் ஃபிலிம்) போடும் பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் நம் பக்கம் அதிகம் பேர் இல்லை. அதனால் இந்தப் பதிவு நாலு பேருக்குத்தான் பயன்படும். அந்த நாலு பேரில் ஒருவர் இப்போது என்னை ஏமாற்றிய அதே ஆளிடம் விலை பேசிக்கொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கும்பகோணத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வீட்டை விற்க முன்பணம் வாங்கியாகிவிட்டது. காலி செய்வதற்குள் பாட்டியை முற்றத்தில் உட்காரவைத்துப் பெரிய நெகட்டிவில் சில படங்கள் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பாட்டிக்கு 84 வயது. முற்றத்தில் நேர் வெயில் விழாது, ஓடுகளில் பட்டு இறங்கும் வெளிச்சம்தான். என்னிடம் இருப்பது 150 மி.மீ. லென்ஸ். முகமும் புடவை மடிப்பும் ஓரளவு கூர்மையாக வர லென்ஸ் துவாரத்தை எஃப்/11 அளவுக்காவது சுருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் (எண் கூடினால் ஃபிலிமின் வேகம் கூடும்) என்றால் ஷட்டர் 1/30 நொடி. எனக்குப் பிடித்த எஃப்பி4 பிளஸ் 125 தான். அதைப் போட்டால் 1/8 வாக்கில் இறங்க வேண்டும், பாட்டியின் தலை அதற்குள் இரண்டு முறை ஆடிவிடும். ஃபோமாபான் 100 இன்னும் மெதுவு. ஆகவே 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஹெச்பி5 பிளஸ் என்று முடிவு செய்தேன். அதில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தமெல்லாம் வாங்கிய இடத்தைப் பற்றித்தான். புதுப் பெட்டி விலை விசாரித்துவிட்டு மலைத்துப் போயிருந்த நேரம். பழைய கேமரா சாமான் விற்கும் ஒரு குழுவில் ஒருவர் இரண்டு பெட்டி போட்டிருந்தார். 25 தாள் பெட்டி, ஒன்று 3,500 ரூபாய். புது விலையில் பாதிகூட இல்லை. 'தேதி முடிந்தது 2019, அன்றிலிருந்து ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது, பிரிக்கவே இல்லை' என்று குறிப்பு. மயில் படம் போட்ட மேசைவிரிப்பின்மேல் பச்சைப் பட்டையுடன் இரண்டு பெட்டிகளும் அழகாக இருந்தன. பேசினேன். "அண்ணா, நானும் ஃபிலிம் ஆளுதான், உங்களுக்குத் தராம யாருக்குத் தரப்போறேன்" என்றார். யுபிஐயில் ஏழாயிரத்தையும் மொத்தமாக அனுப்பிவிட்டேன். பில் கேட்கத் தோன்றவே இல்லை.

இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மற்ற எந்தச் சாமானையும் கையில் வாங்கியதும் திறந்து பார்க்கலாம். ஃபிலிம் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதோடு அது போயிற்று. அதனால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்புவதைத் தவிர வழியில்லை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கண்ணுக்கு வேலையில்லையே தவிர, விரலுக்கு உண்டு. என் விரல் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை.

முதல் குறி வெளிச்சத்திலேயே தெரிந்தது. பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்தது சாதாரண பழுப்பு பேக்கிங் டேப். பழைய பெட்டி, ஒட்டு விட்டுப்போயிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரவு ஊர் வீட்டில் உள்ளறைக் கதவைச் சாத்தி, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு, இருட்டில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த கறுப்புப் பையின் வாய் வெப்பத்தில் ஒட்டப்பட்டிருக்கவில்லை, வெறுமனே மடித்துச் செருகியிருந்தது. பிரிக்காத பெட்டி என்றால் அந்தப் பையை நாம் கத்தரித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். இது இரண்டாவது குறி.

மூன்றாவதுதான் முக்கியம். ஷீட் ஃபிலிமின் ஒரு ஓரத்தில், மூலையை ஒட்டி, நாட்ச் என்று சொல்லும் சின்ன வெட்டுகள் இருக்கும். தாளை நெட்டுவாக்கில் பிடித்து, அந்த வெட்டு மேலே வலது மூலைக்கு வந்தால், எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) உள்ள பக்கம் நம் முகத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம். இருட்டில் ஹோல்டரில் (தாளை வைத்துக் கேமராவில் செருகும் சட்டம்) ஏற்றும்போது எது முன், எது பின் என்று அறிய இதுதான் வழி. வெட்டின் வடிவமும் எண்ணிக்கையும் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். கம்பெனிகள் தங்கள் ஃபிலிம்களின் நாட்ச் வடிவங்களைத் தகவல் தாளிலேயே கொடுத்திருக்கின்றன. பழகிய கை தொட்ட மாத்திரத்தில் இது இன்ன ஃபிலிம் என்று சொல்லிவிடும்.

நான் நாலு மூலையையும் தடவினேன். வெட்டே இல்லை. அடுத்த தாள், அதற்கடுத்தது, எதிலும் இல்லை. ஒரு மூலை மட்டும் வழவழவென்று வளைவாக இருந்தது. மற்ற மூன்றும் விரலைக் குத்தின.

எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டுவிட்டு வெளியே வந்து அந்த ஆளைக் கூப்பிட்டேன். "சார், சில பேட்ச்ல நாட்ச் வராது சார். ரெண்டு பக்கமும் எடுக்கும், தைரியமா போடுங்க." அண்ணா போய் சார் வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் எடுக்கும் என்றாரே, அதையாவது யோசித்திருக்கலாம். ஒரே பக்கம் எமல்ஷன் உள்ள ஹெச்பி5 எப்படி இரண்டு பக்கமும் எடுக்கும்? ஆனால் மறுநாள் காலை படம், பாட்டிக்குப் புடவைகூட எடுத்துவைத்தாகிவிட்டது, கையில் வேறு ஃபிலிம் இல்லை. ஏற்றிவிட்டேன். நாலு ஹோல்டர், எட்டுத் தாள். அதிலும் இரண்டு தாள்கள் ஹோல்டரின் ஓரக் கம்பிக்குள் நுழையவே மறுத்தன, நெருக்கித் தள்ளினேன். ஹோல்டர் பழசு, அதுதான் இடிக்கிறது என்று அதன்மேல் பழியைப் போட்டேன்.

காலையில் எட்டுப் படமும் 400 என்று மீட்டரில் வைத்தே எடுத்தேன். பாட்டி அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையில், நெற்றி நிறையக் குங்குமத்துடன் உட்கார்ந்திருந்தார். எட்டாவது தாளில் அவர் லேசாகச் சிரித்தது எனக்குத் தெரியும்.

சென்னை திரும்பி, ஐஸ் கட்டி போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவந்த ஐடி-11 டெவலப்பர், சம அளவு நீர் கலந்து (1+1), 13 நிமிடம் என்று ஹெச்பி5க்கு உரிய கணக்கில் டிரேயில் போட்டுக் கழுவினேன். ஃபிக்ஸரிலிருந்து எடுத்துப் பார்த்தால் தாள் நீலமாக இருந்தது. கறைபடிந்த நீலம் இல்லை. ஆஸ்பத்திரியில் கையில் கொடுப்பார்களே, அந்த நீலம். அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கீறல் வேறு. டிரேயில் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போடும்போது ஒன்றின் மூலை இன்னொன்றின் முதுகைச் சுரண்டியிருக்கிறது. எக்ஸ்ரே எமல்ஷன் ஈரத்தில் அவ்வளவு மென்மை.

பாட்டியின் புடவை கறுப்புத் திட்டு. குங்குமம் கரிப் பொட்டு. உதடு கறுப்பு. கன்னத்தில் நாம் கண்ணால் பார்த்தே இராத புள்ளிகள் எல்லாம் எழுந்து நின்றன. நெருக்கித் தள்ளிய இரண்டு தாளும் நடுவில் உப்பியிருந்ததால், ஒன்றில் கண் மங்கல், இன்னொன்றில் காது மட்டும் கூர்மை. சிரித்த எட்டாவது தாள் அந்த இரண்டில் ஒன்று.

ஏன் இப்படி என்றால், ஹெச்பி5 எல்லா நிறத்தையும் பார்க்கும் ஃபிலிம். எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. ஆஸ்பத்திரியில் அதன்மேல் நேரடியாக விழுந்து வேலை செய்வது எக்ஸ்ரே கதிர் இல்லை. ஃபிலிமை வைக்கும் கேசட்டுக்குள் இருபுறமும் இருக்கும் திரைகள் கதிர் பட்டதும் பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும், அந்த ஒளிதான் ஃபிலிமில் பதிகிறது. திரை இருபுறமும் இருப்பதால் எமல்ஷனும் இருபுறமும். நடுவில் கிட்டத்தட்ட 0.18 மி.மீ. பிளாஸ்டிக் இருப்பதால், கேமராவில் போட்டால் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. விளிம்புகள் கொஞ்சம் கரைந்தே நிற்கும். வேகமும் கம்மி. பிறகு நான் சோதித்ததில் வெயிலில் 80 என்று வைத்தால்தான் சரியாக வந்தது. 400 என்று எடுத்தவனுக்கு இரண்டு ஸ்டாப்புக்கு மேல் நஷ்டம், அதாவது வேண்டிய வெளிச்சத்தில் கால்வாசிகூட விழவில்லை.

நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு ஊரில் பழைய ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன். ஹாஃப் பிளேட் காலத்து மனிதர், நெகட்டிவில் பென்சிலால் முகத்துக்கு டச் செய்தவர். பெட்டியில் மிஞ்சியதில் ஒரு தாளை வெளிச்சத்துக்கு எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பார்க்கக்கூட இல்லை, மூலைகளைத் தடவினார். "எட்டுக்குப் பத்து எக்ஸ்ரேயை நாலாக் கிழிச்சிருக்கான் தம்பி. ஒரு மூலை உருண்டையா, மூணு மூலை கூரா இருக்கு பாருங்க" என்றார். மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிமின் மூலைகள் வளைவாக இருக்கும். நாலாக வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு பழைய மூலைதான் மிஞ்சும். இவ்வளவு எளிய கணக்கு! ஹோல்டர் இடித்ததற்கும் அதே கணக்குதான். 4×5 என்று விற்கும் ஃபிலிம் உண்மையில் முழு 4×5 அங்குலம் இல்லை, ஹோல்டருக்குள் நுழைய இடம் விட்டு ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில் குறைத்தே வெட்டுவார்கள். 8×10ஐ சரிபாதியாக இரண்டு பக்கமும் வெட்டினால் முழு 4×5 வரும், அது இடிக்கத்தான் செய்யும். பாவம், ஹோல்டரைத் திட்டினேன்.

பெரியவர் அதோடு விடவில்லை. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தில் 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தது, ஸ்டுடியோ ஃபிலிமும் வந்தது, எதை எதில் போடுவது என்று கடைப்பையனுக்குக்கூடத் தெரியும் என்று அரை மணி நேரம் பேசினார். 1967இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது, இப்போது இல்லை. எக்ஸ்ரே ஃபிலிமில் படம் எடுப்பது தப்பில்லை என்றும் சொன்னார். அது சரிதான். பெரிய கேமராக்காரர்கள் உலகம் முழுக்கத் தெரிந்தே அதைப் பயன்படுத்துகிறார்கள். மலிவு, சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம், டெவலப்பரை நன்றாக நீர்க்கவிட்டால் முரட்டுக் கறுப்பு வெளுப்பும் அடங்கும். எக்ஸ்ரே என்று சொல்லி அதன் விலைக்கு விற்றிருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

ஆளைத் திரும்பக் கூப்பிட்டேன். இரண்டாவது பெட்டியில் 23 தாள்தான் இருந்தது, அதையும் சொன்னேன். "பிரிச்சுட்டீங்களே, பிரிச்ச ஃபிலிமை யார் திருப்பி எடுப்பா?" இப்போது சாரும் இல்லை. படம் அனுப்பினேன், மூலையைக் காட்டினேன். "நீங்களே மாத்தி வெச்சுட்டு என்கிட்ட பேசறீங்களா" என்று ஒரு குரல் பதிவு. அன்று மாலை என் எண்ணைத் தடுத்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பியது, பில் இல்லாதது, பெட்டி திறப்பதை வீடியோ எடுக்காதது எல்லாம் என் தப்பு. இருட்டில் வீடியோ எப்படி என்று கேட்காதீர்கள். வெளிப்பெட்டியையும் டேப்பையும் வெளிச்சத்தில் எடுத்திருக்கலாம்.

பழைய பெட்டி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். விற்பவரிடம் ஒரு தாளைப் பலிகொடுத்து, நாட்ச் தெரியும்படி வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பிரிக்காத பெட்டி என்று சாக்குச் சொன்னால், டேப் எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி படம் கேட்கிறேன். வந்ததும் முதல் வேலை, ஒரு தாளைச் சிவப்பு விளக்கின் அடியில் வைத்து, அதன்மேல் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து, ஐந்து நிமிடம் கழித்து டெவலப்பரில் போடுவது. ஹெச்பி5 மாதிரி எல்லா நிறமும் பார்க்கும் ஃபிலிம் என்றால் நாணயம் இருந்த இடம் தவிர மற்றதெல்லாம் கறுத்துவிடும். எக்ஸ்ரே என்றால் நாணயத்தின் தடமே தெரியாது. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், வெளிச்சம் காட்டிக் கழுவிய ஒரு தாளின் கறுத்த இடத்தில் ஒரு பக்கம் மட்டும் வீட்டில் இருக்கும் பிளீச் ஒரு சொட்டு விடுங்கள். அந்தப் பக்கத்து எமல்ஷன் கரைந்த பிறகும் கறுப்பு பாதி மிச்சம் நின்றால், பின்னாலும் ஒரு படம் இருக்கிறது. இன்னொரு தாளை வெளிச்சமே காட்டாமல் அப்படியே கழுவிப் பார்க்கிறேன். நம் ஊர் வெயிலில் கிடந்த ஃபிலிம் என்றால் அதிலேயே சாம்பல் பூத்திருக்கும். வேகமான ஃபிலிம் சீக்கிரம் கெடும், ஆகவே பழையதில் வாங்குவதென்றால் 400ஐ விட 100, 125 தேவலை. ஃபிரிட்ஜில் இருந்தது என்ற வார்த்தைக்கு நான் இப்போது காசு கொடுப்பதில்லை. மறுபடி எடுக்க முடியாத படம் என்றால் கடையில் பில்லோடு புதுப் பெட்டிதான்.

பாட்டியின் படங்களில் ஒன்றைக் காண்டாக்ட் பிரிண்ட் (நெகட்டிவ் அளவிலேயே) போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எங்கம்மா ஃபோட்டோ இப்படித்தான்டா இருக்கும், பொட்டெல்லாம் கறுப்பா" என்றார். பாட்டியின் அம்மா காலத்தில் பல ஃபிலிம்களுக்கும் பிளேட்டுகளுக்கும் சிவப்பு தெரியாதுதான். வீடு இப்போது கைமாறிவிட்டது.

முந்தாநாள் வேறு ஒரு குழுவில், வேறு ஒரு பெயரில், இரண்டு பெட்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்த முறை எஃப்பி4 பிளஸ், நீலப் பட்டை, 2020, ஃபிரிட்ஜில் இருந்தது. கீழே அதே மயில் மேசைவிரிப்பு. இரண்டு பேர் ஏற்கெனவே விலை கேட்டிருக்கிறார்கள்.