அளவுப் பாத்திரத் தொகுப்பு: பெட்டி அருமை, ஜக் சுமார்

லிட்டர், மில்லிலிட்டர் கற்றுத்தருவதற்கென்றே வரும் இந்தத் தொகுப்பில் ஐந்து உருப்படிகள்: மேலே திறந்த அக்ரிலிக் கனசதுரப் பெட்டி, கைப்பிடி வைத்த 1 லிட்டர் ஜக், 250 மில்லி முகவை, 100 மில்லி, 10 மில்லி அளவுசாடிகள். பெட்டி தவிர மற்றவை பாலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக்.

பெட்டிக்காகவே இதை வாங்கலாம். உட்புறம் எல்லாப் பக்கமும் சரியாக 10 செ.மீ.; விளிம்பு வரை நிரப்பினால் 1000 கன சென்டிமீட்டர், அதாவது 1 லிட்டர். ஒரு சாதாரண ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும்: நீர் 1 செ.மீ. ஏறினால் 100 மில்லி (1 டெசிலிட்டர்), 1 மி.மீ. ஏறினால் 10 மில்லி (1 சென்டிலிட்டர்). வேறு பெட்டி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, 10 செ.மீ. உள்ளளவா வெளியளவா என்பதுதான். வெளியளவு 10 ஆக இருந்து சுவரும் அடியும் 2 மி.மீ. தடித்தால் உள்ளே கொள்வது வெறும் 903 மில்லி!

ஜக்கின் வாய் அகலம். 1 லிட்டர் கோட்டருகே விட்டம் 11 செ.மீ.; அங்கே கண் 1 மி.மீ. தவறினால் 9 மில்லிக்கு மேல் பிழை. 100 மில்லி சாடியின் விட்டம் 2.6 செ.மீ.தான், அதே தவறு அரை மில்லியோடு போய்விடும். ஆகவே 80 மில்லி வேண்டுமென்றால் ஜக்கைத் தொடவே வேண்டாம். ஜக் மேல்நோக்கி விரிவதால் மேலே போகப் போகக் கோடுகள் நெருங்குகின்றன. இரு கோடுகளுக்கு நடுவைக் கண்ணால் பாதியாகப் பிரிப்பதும் சரிவராது.

கண்ணாடிச் சாடியில் நீர் ஓரமாக ஏறி நிற்கும். இப்படி வளைந்து நிற்கும் மேற்பரப்பான பிறைத்தளத்தின் அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக்கில் நீர் ஒட்டாது, மேற்பரப்பு கிட்டத்தட்டத் தட்டையாக நிற்கும். வாசிப்பது எளிது. ஆனால் இதில் மட்டும் பழகிய பிள்ளை பிறகு கண்ணாடிச் சாடியில் தடுமாறும் என்பதால் இதையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

தராசில் சரிபார்க்க நினைத்தால் வெறும் பாத்திரத்தை வைத்து பூஜ்ஜியமாக்கிவிட்டு நீர் ஊற்றுங்கள். 1 லிட்டர் நீர் 20 டிகிரி செல்சியஸில் 998 கிராம், 30 டிகிரியில் 996 கிராம்; அந்தக் குறைவுக்குப் பாத்திரம் பொறுப்பல்ல. 1 மில்லிக்கு 1 கிராம் என்ற கணக்கு நீருக்கு மட்டுமே. சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 920 கிராம்தான்.

ஜக்கில் ‘1 லி’ என்பதைக் குறிக்க ஆங்கிலச் சிற்றெழுத்தை (l) போட்டிருக்கிறார்கள். பார்க்க 11 மாதிரி இருக்கிறது. இந்தக் குழப்பத்துக்காகவே 1979-இல் பெரிய எழுத்தும் (L) லிட்டருக்கான குறியாக ஏற்கப்பட்டது. போதாக்குறைக்கு, ஜக்கின் கோடுகள் மட்டும் மையால் அச்சிட்டவை. கம்பி நாரால் தேய்த்தால் அழியும். சாடிகளில் அச்சிலேயே வார்த்த கோடுகள், அவற்றுக்கு அந்தப் பயமில்லை.