பழைய டீசல் கார் வாங்கப் போறீங்களா, மொதல்ல ஆயில் மூடியை கழட்டிப் பாருங்க (எனக்கு 78,000 போச்சு)

நேத்து சாயங்காலம் தான் மெக்கானிக் எஸ்டிமேட் சொன்னாரு. 78,000. கார் வாங்கி 19 நாள் தான் ஆகுது.

கோயம்புத்தூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் கடை, பேர் வேணாம். 2012 மாடல் டீசல், ஸ்விஃப்ட்லயும் விஸ்டாவுலயும் வந்துச்சே அந்த 1248 சிசி இன்ஜின், நல்லா உழைக்கிற இன்ஜின் தான், அதை குத்தம் சொல்லல. காலைல 8 மணிக்கே போயிட்டேன், பானட்டை தொட்டா சுடுது. ஏங்க சூடா இருக்குன்னு கேட்டதுக்கு "இப்பத்தானுங்க வாட்டர் வாஷ் விட்டு எடுத்தாந்தோம், உங்களுக்காகத் தான்"னு சொல்லிகிட்டே டீயை கைல குடுத்தாரு, நானும் குடிச்சேன், அது 78,000 ரூபா டீன்னு அப்ப தெரியல. ஓட்டிப் பாத்தேன் புகையே இல்ல, 2,90,000 குடுத்து எடுத்தாச்சு.

அடுத்த வாரம் ராத்திரி பூரா நின்ன வண்டியை காலைல ஸ்டார்ட் பண்றேன், நாலு தடவை இழுத்து தான் புடிச்சுச்சு, பின்னால நீலப் புகை, எதிர்வீட்டு அக்கா கொசு மருந்து வண்டின்னு நெனச்சு ஜன்னலை சாத்திட்டாங்க. மெக்கானிக் வந்து இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடியை கழட்டி அந்த வாய் மேலயே கவுத்தி வெச்சாரு, மூடி தடதடன்னு குதிச்சு கீழ விழுந்துச்சு, குபுகுபுன்னு புகை. "பேக் கம்ப்ரஷன் தம்பி, பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போயி சிலிண்டர் காத்து கீழ ஆயில் பக்கம் எறங்குது, கெட்டி ஆயில் ஊத்தி மறைச்சிருக்கானுங்க."

கடைக்கு போன் போட்டா மொத நாள் ஓனர் பழனிக்கு போயிருக்காருங்கறான், ரெண்டாவது நாள் "டீசல்னா புகை வரத்தானுங்க செய்யும்", அப்புறம் "இருக்கற கண்டிஷன்லயே எடுத்துக்கறேன்னு கையெழுத்து போட்டீங்கல்ல". இப்ப வாட்ஸப்ல ப்ளூ டிக் மட்டும் தான்.

வீட்லயே இன்ஜினை எப்படி செக் பண்றதுன்னு வெவரமா எழுதத்தான் உக்காந்தேன், 78,000 தான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது, தெரிஞ்சத சொல்லிடறேன். ஆறின இன்ஜினைத் தான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும், பானட் சுட்டா மறுநாள் சொல்லாம போங்க. மூடி டெஸ்ட் பண்ணுங்க, லேசா ஆவி வந்தா பரவால்ல, மூடியே குதிச்சா வேணாம். நீலப் புகைன்னா ஆயில் எரியுது, வண்டி சூடான அப்புறமும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா கூலன்ட் (இன்ஜினை குளிர வைக்கிற தண்ணி) உள்ள போகுதான்னு பாக்கணும். டீசல்ல ஆயில் கருப்பா இருக்கறது சகஜம், டிப் ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்கற கம்பி) பால் காபி மாதிரி இருந்தா தான் வம்பு, ஆயில்ல தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோட திறந்துடாதீங்க.

மெக்கானிக் போன் பண்றாரு, டர்போவையும் (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்பற பாகம்) கழட்டிப் பாக்கணுமாம்.