கோல்ஃப் பழக: தனிப் பயிற்சியா, குழு வகுப்பா?

கடலோரப் பொது மைதானத்தில் கோல்ஃப் பழக நினைப்பவர்கள் குழம்பி நிற்பது இங்கேதான்: பயிற்சியாளரைத் தனியாக வைத்துக்கொள்வதா, நாலைந்து பேரோடு குழுவில் சேர்வதா?

செலவு: தனி வகுப்பு கையைக் கடிக்கும். குழுவில் கட்டணம் பகிர்ந்துபோகும்.

திருத்தம்: பெரிய வித்தியாசமே இதில்தான். வலக்கைக்காரர் மட்டையைப் பிடிக்கும் இடது கை இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருந்தாலே பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். தனியாகச் சொல்லித்தருபவர் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார், குழுவிலோ உங்கள் முறை வருவதற்குள் அந்தத் தப்பு கையில் ஊறிவிடும். அப்புறம் கடற்காற்று வேறு. எதிர்காற்றில் பந்தைத் தாழ்வாக அனுப்ப, அதை வலது கால் பக்கம் சற்றே தள்ளி வைத்து, ஓங்காமல் நிதானமாக அடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று காட்டினால்தான் இது உடம்புக்குப் புரியும்.

வசதி: தனி வகுப்பில் நேரம் உங்கள் கையில். குழுவில் அவர்கள் சொன்ன நேரம்; ஆனால் கூட ஆட ஆள் கிடைக்கும், அது சின்ன விஷயமில்லை.

ஆட்டம் பிடிக்குமா என்றே தெரியாதவர் குழுவில் சேர்ந்து, 9 குழி, அதாவது அரை ஆட்டம், ஆடிப் பார்க்கட்டும். ஏற்கெனவே முழு ஆட்டமான 18 குழி ஆடியும் பந்து ஒரே பக்கம் வளைகிறதா? சரி, தனி வகுப்புக்கே போங்கள்.