200 டாலர் ரிபேட் என்றால் நம்பி வாங்காதீர்கள்

இன்று மாலை தபால்பெட்டியில் ஒரு சின்ன அட்டை கிடந்தது. 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.' அவ்வளவுதான், முழு விலை கட்டி வாங்கிய பின் தபாலில் விண்ணப்பித்தால் திரும்பத் தருவதாகச் சொன்ன 200 டாலர் ரிபேட் போயிற்று. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காண்டாக்ட் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்.

செப்டம்பரில் மகளுக்கு ஓராண்டுக்கான லென்ஸ் வாங்கினோம். இங்கே நியூஜெர்சியில், ஒரு மாலில் இருக்கும் கண்ணாடிக் கடை. எட்டுப் பெட்டி, 720 டாலர். விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். விற்பனைப் பெண் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். "720ஐப் பார்க்காதீர்கள் சார், உங்களுக்கு இது 520தான்." மெயில்-இன் ரிபேட் படிவத்தை எடுத்து, நான் நிரப்ப வேண்டிய இடங்களை எல்லாம் மஞ்சள் பேனாவால் தீட்டிக் கொடுத்தார். அந்த மஞ்சளில்தான் விழுந்தேன். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஏதோ மிச்சம் பிடித்தவன்போல வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவே எட்டுப் பெட்டியிலும் பார்கோடு இருந்த மடிப்பை பிளேடால் அறுத்தேன். நகல் செல்லாதாம், அசல்தான் வேண்டுமாம். அறுத்த பெட்டியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது என்பது அப்போது உறைக்கவில்லை. கண் பரிசோதனை ரசீது, கடை ரசீது, படிவம், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினேன்.

எட்டு வாரம் என்றார்கள். பன்னிரண்டு வாரம் ஆயிற்று. கடையில் கேட்டால், "அது லென்ஸ் கம்பெனி தருவது, எங்களுக்குச் சம்பந்தமில்லை." கம்பெனியில் கேட்டால், "ரிபேட்டை வேறொரு நிறுவனம் பார்க்கிறது." அந்த நிறுவனத்தின் இசையை நாற்பது நிமிடம் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். பார்கோடு ஏழுதான் வந்திருக்கிறதாம். எட்டையும் நானே எண்ணிப் போட்டேன் என்றேன். "அப்படியானால் எட்டாவதை மறுபடி அனுப்புங்கள்" என்கிறார்! அவர்களிடம் இருப்பதை நான் எங்கே போய் அறுப்பேன்? பெட்டிகளைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதில்தான் இன்றைய அட்டை. கடைசித் தேதி முடிந்துவிட்டதாம்.

இந்த 200 டாலர் இல்லையென்றால் இணையத்தில் விலை பார்த்து வாங்கியிருப்பேன்.

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அறுக்கும் முன் லென்ஸ் பவர் சரிதானா என்று பாருங்கள். ஒவ்வொரு மடிப்பையும் ரசீதையும் படம் எடுங்கள். பதிவெண் உள்ள தபாலில் அனுப்புங்கள். பணம் ப்ரீபெய்டு கார்டாக, விளம்பரத் தபால் போன்ற உறையில் வரக்கூடும், குப்பையில் போட்டுவிடாதீர்கள். சொன்ன கெடுவுக்குள் ரிபேட்டை அனுப்புவது சட்டப்படி அவர்கள் கடமை. நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்டிசியிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் தரலாம். என் புகாரை இன்றிரவே பதிகிறேன்.